மெய்நிகர் உலகில் கூத்து கட்டலாமா?
வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் இயங்கும் மெய்நிகர் உலகங்களில் நேரடி நாடகம் நடத்துவது பற்றிச் சேலம், ஏற்காடு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கல்லூரியில் நாடகம் கற்பிக்கிறேன். மெய்நிகர் உலகங்களில் நடக்கும் நேரடி நிகழ்ச்சிகளை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுக்க நினைக்கிறேன். ‘அது கம்ப்யூட்டர் விளையாட்டு, நாடகம் ஆகாது’ என்கிறார்கள் உடன் பணிபுரிவோர். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது?
— விரிவுரையாளர், சேலம்

முதலில் வரலாற்றை எடுத்து வையுங்கள். 1993 டிசம்பரிலேயே ‘ஹாம்நெட் பிளேயர்ஸ்’ என்ற குழு, வெறும் எழுத்து மட்டுமே ஓடும் ஐ.ஆர்.சி. அரட்டை அறையில் ஹாம்லெட் கதையை நகைச்சுவையாக நடத்திக் காட்டியது. 1997இல் அட்ரியன் ஜெனிக், லிசா பிரென்னிஸ் இருவரும் ‘தி பேலஸ்’ என்ற பட அரட்டை உலகத்துக்குள் பெக்கெட்டின் ‘வெயிட்டிங் ஃபார் கோடோ’ நாடகத்தைக் கொண்டுபோனார்கள். அங்கே சும்மா வந்து போகிற பயனர்களும் இடையில் புகுந்து பேசினார்கள். செகண்ட் லைஃப் என்ற முப்பரிமாண மெய்நிகர் உலகம் 2003இல் வந்தது. 2007இல் ஈவா, ஃபிராங்கோ மாட்டெஸ் இருவரும் அதற்குள் மரினா அப்ரமோவிச் போன்றோரின் நிகழ்த்துகலைகளை அவதார்களைக் (பயனருக்குப் பதிலாக அங்கே நடமாடும் கணினி உருவங்கள்) கொண்டு மறுபடி நிகழ்த்தினார்கள். 2021 மார்ச்சில் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி, நடிகர்களின் உடல் அசைவை அந்தக் கணமே கணினிக் காட்டுக்குள் செலுத்தி ‘ட்ரீம்’ நடத்தியது. ஆக, உங்கள் துறைக்கு முப்பது ஆண்டுக்கு மேல் வயதாகிறது.

கோட்பாட்டுக்கு ஃபிலிப் ஆஸ்லாண்டர் 1999இல் எழுதிய ‘லைவ்னஸ்’ நூலில் தொடங்கலாம். பதிவு செய்யும் கருவி வந்த பிறகுதான் ‘நேரடி’ என்ற பாகுபாடே தேவைப்பட்டது என்பது அவர் வாதம். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். எங்கள் அளவுகோல் இதுதான்: இன்று வந்திருக்கும் பார்வையாளரால் இன்றைய ஆட்டம் மாறக் கூடுமா? மாறும் என்றால் அது நாடகம். முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும் வீடியோ கூட்டத்தில் நடிகருக்கும் பார்ப்பவருக்கும் நடுவே தூரம் என்று ஒன்று இல்லை. மெய்நிகர் உலகில் இருக்கிறது. ஒருவர் எழுந்து மேடை ஓரம் வந்து நின்றால் எல்லோருக்கும் தெரியும்; நடிகர் அவரைப் பார்த்துப் பேசலாம். நாடகத்துறைக்கு இங்கே ஆராய இடம் இருக்கிறது என்று சொல்வதற்கு இந்த ஒன்றே போதும்.

தரவு சேகரிப்பில் ஒரு எச்சரிக்கை. அரட்டைப் பதிவை நேரக் குறியுடன் சேமிக்கும் அமைப்பை முதல் ஒத்திகையிலேயே போட்டு வையுங்கள். நிகழ்ச்சிக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதுவது ஆய்வுக்கு நிற்காது. அவதார் பெயர் புனைபெயர்தானே என்று அப்படியே ஆய்வேட்டில் போட்டுவிடாதீர்கள். அந்தப் பெயரில்தான் அவருக்கு அங்கே பல ஆண்டு நட்பும் மரியாதையும் இருக்கும். மனிதரிடம் கேட்பது போலவே ஒப்புதல் வாங்குங்கள், பெயரையும் மாற்றுங்கள்.

எந்த உலகத்தில் தொடங்குவது? செலவில்லாமல் முடியுமா?
— வாசகர், மேட்டூர்

பழகுவதற்கு செகண்ட் லைஃப், சொந்தமாக நடத்துவதற்கு ஓப்பன்சிமுலேட்டர். செகண்ட் லைஃபில் கணக்குத் தொடங்கக் காசில்லை, நிலத்துக்குத்தான் வாடகை. ஒரு ரீஜன், அதாவது நிலத்தின் ஒரு அலகு, 256 மீட்டருக்கு 256 மீட்டர். முழு ரீஜனில் 100 அவதார் வரை நுழையலாம். மலிவான ஹோம்ஸ்டெட் வகையில் 20தான். நடிகர், ஒளி பார்ப்பவர், வரவேற்பவர் எல்லோருமே அந்த இருபதுக்குள் அடக்கம் என்பதை மறந்துவிட்டு 20 பேரை அழைக்கும் குழுக்கள் உண்டு. கடைசியில் கதாநாயகன் வெளியே நிற்பார்.

ஓப்பன்சிமுலேட்டர் (சுருக்கமாக ஓப்பன்சிம்) இப்படியொரு உலகத்தை நாமே நடத்த உதவும் இலவச மென்பொருள். உங்கள் கணினியிலேயே ஓடும். ஆனால் இணையம் வழியாக வெளியூர்க்காரர்கள் உள்ளே வர 9000ஆம் போர்ட் (கணினிக்குள் நுழையும் வழியின் எண்) டி.சி.பி., யு.டி.பி. என்ற இரண்டு இணைய முறைகளிலும் திறந்திருக்க வேண்டும். நம் ஊர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ரவுட்டரில் என்ன திறந்தாலும் வெளியிலிருந்து எட்டாது. இணைய நிறுவனத்திடம் நிலையான ஐ.பி. முகவரி கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் 4 ஜி.பி. நினைவகம் உள்ள சிறிய வாடகை சர்வர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சின்ன மேடைக்கும் இருபது பேருக்கும் அது தாங்கும்.

பிறர் நடத்தும் உலகத்தை முழுக்க நம்பாதீர்கள். ஆல்ட்ஸ்பேஸ் வி.ஆர். 2023 மார்ச் 10 அன்று மூடப்பட்டது. மொசில்லா தன் ஹப்ஸ் சேவையை 2024 மே 31இல் நிறுத்தியது. ஓப்பன்சிமில் ‘சேவ் ஓ.ஏ.ஆர்.’ கட்டளை கொடுத்தால் மேடை, பொருள்களை இயக்கும் ஸ்கிரிப்ட் நிரல்கள், படங்கள் என அந்த ரீஜன் முழுவதும் ஒரே கோப்பாக இறங்கிவிடும். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பின்பும் எடுத்து வையுங்கள்.

எங்கள் பகுதிக் கூத்தை மெய்நிகர் மேடையில் நடத்திப் பார்த்தோம். வாத்தியார் ஓமலூரில், மிருதங்கம் எடப்பாடியில், பின்பாட்டுக்காரர்கள் சென்னையில். பாட்டு எடுத்ததுமே எல்லாம் கலைந்துவிட்டது. நெட் வேகம் 100 எம்.பி.பி.எஸ். இருந்தும் ஏன் இப்படி?
— ஆய்வு மாணவர், ஓமலூர்

வேகம் வேறு, தாமதம் வேறு. ஒரு நொடியில் எவ்வளவு தரவு போகிறது என்பதைத்தான் 100 எம்.பி.பி.எஸ். சொல்கிறது, ஒரு தட்டு கிளம்பி எத்தனை மில்லி விநாடியில் அடுத்தவர் காதுக்கு எட்டுகிறது என்பதை அது சொல்வதில்லை. சேர்ந்து வாசிப்பவர்கள் தடுமாறாமல் இருக்க ஒருவர் ஒலி மற்றவருக்கு 25, 30 மில்லி விநாடிக்குள் எட்ட வேண்டும். காற்றில் ஒலி பத்து மீட்டர் கடக்கும் நேரம் அது. களரியில் (கூத்து ஆடும் இடத்தில்) பின்பாட்டும் மிருதங்கமும் ஆடுகிறவர் முதுகுக்குப் பின்னாலேயே உட்காருவதால் அங்கே இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. மெய்நிகர் உலகின் குரல் வசதியிலோ ஒலி அயல்நாட்டு சர்வர் வரை போய்த் திரும்புகிறது. 250 மில்லி விநாடி ஆவது சாதாரணம். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் ஒரு தட்டு 500 மில்லி விநாடி. வாத்தியார் எடுத்த அடி பின்பாட்டுக்காரருக்கு அரைத் தட்டு பிந்திக் கேட்கும். அவர் பதில் பாடுவது வாத்தியாருக்கு வந்து சேரும்போது ஒரு முழுத் தட்டு பிந்தியிருக்கும். வாத்தியார் அவருக்காகக் காத்திருப்பார், அவர் இவருக்காகக் காத்திருப்பார். நாலே அடியில் தாளம் படுத்துவிடும்.

இன்னொரு கேடும் இருக்கிறது. குரல் வசதிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. இரைச்சல் நீக்கும் பகுதி மிருதங்கத்தை இரைச்சல் என்றே எண்ணி அமுக்கும். விடாமல் ஒலிக்கும் முகவீணையை (ஊதி வாசிக்கும் சிறு குழல் வாத்தியம்) மெல்ல மெல்லக் கரைத்துவிடும். முகவீணை ‘வந்து வந்து போகிறது’ என்றால் காரணம் மைக் பழுதல்ல, இந்த வடிகட்டி.

எனவே இசையைப் பிரிக்காதீர்கள். பாடுகிறவர், மிருதங்கம், ஹார்மோனியம், முகவீணை, தாளம், பின்பாட்டு அத்தனை பேரும் ஒரே அறையில் உட்கார வேண்டும். இதில் சமரசம் கிடையாது. பாடுபவருக்கு ஒரு மைக், பின்பாட்டுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு ஒன்று, முகவீணைக்கும் ஹார்மோனியத்துக்கும் பொதுவாக ஒன்று என நாலு மைக் போதும். முகவீணை மைக்கை ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். அதன் கூர்மை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். மிக்சரிலிருந்து ஒரே ஸ்டீரியோ ஒலியாகக் கணினிக்குள் வாங்கி, ஐஸ்காஸ்ட் சர்வர் வழியாக அந்த நிலத்தின் ஒலி ஓடைக்கு (ஆடியோ ஸ்ட்ரீம்) அனுப்புங்கள். அனுப்புவதற்கு ‘பட்’ என்ற இலவச மென்பொருள் உண்டு. 128 கே.பி.பி.எஸ். தரமே போதுமானது.

ஆனால் ஓடைக்கு இடைத்தேக்கம் (பஃபர்) உண்டு. பார்வையாளர் காதில் 5 முதல் 20 விநாடி பிந்தியே கேட்கும். ஆளுக்கு ஆள் சில விநாடி வித்தியாசமும் இருக்கும். அவதாரின் அசைவோ அரை விநாடியில் தெரிந்துவிடும். இசை அறையில் கேட்கும் பாட்டுக்கு ஏற்ப அவதாரை ஆட்டினால், பாட்டு வருவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். ஆகவே அவதாரை இயக்குபவர் வேறு அறையில் இருக்கட்டும். ஹெட்போனில் அவர் கேட்க வேண்டியது பார்வையாளர் கேட்கும் அந்த ஓடையை. ஒத்திகையில் பெரும்பாலோர் சறுக்கும் இடமும் இதுதான்.

வசனத்தை மட்டும் குரல் வசதியில் விடலாம். பேச்சுக்குக் கால் விநாடி பிந்துவது பொறுக்கும். பாட்டு ஓடையில், பேச்சு குரலில் என்று பிரித்தால் நடுவில் ஒரு பள்ளம் விழும். இசை அறையில் பாட்டு முடிந்து 15 விநாடி கழித்துத்தான் பார்வையாளருக்கு முடியும். அதுவரை வசனம் தொடங்கக் கூடாது. வசனத்திலிருந்து பாட்டுக்குப் போகும்போது இதற்கு நேர் எதிர்: இசை அறை முன்கூட்டியே தொடங்கிவிட வேண்டும், இல்லையேல் மேடை 15 விநாடி ஊமையாக நிற்கும். இதற்கு மருந்து கூத்திலேயே இருக்கிறது. வேஷம் மாற்ற, ராஜா வர நேரமாகும்போதெல்லாம் இடத்தை நிரப்புகிறவர் கோமாளிதானே? பாட்டும் வசனமும் சந்திக்கும் ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கோமாளிக்கு, அதாவது கட்டியங்காரனுக்கு, 20 விநாடிப் பேச்சு வையுங்கள், அதுவும் பார்வையாளரின் அவதார் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பேசும்படி. அவர் குரல் வசதியில் பேசுவார். ஓடையில் பாட்டு வந்ததும் அடங்குவார். மேற்கத்திய நாடகத்தை இங்கே கொண்டுவருகிறவர்களுக்கு இந்த வசதி இல்லை. கூத்துக்காரர்களுக்கு இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

குரல் வசதியில் ‘சத்தம் கேட்டால் தானே திறக்கும்’ முறையை அணைத்துவிடுங்கள். அது முதல் அசையை விழுங்கும். ‘வந்தேனே’ என்பது ‘ந்தேனே’ ஆகும். பொத்தானை அழுத்திப் பேசும் முறையே நல்லது.

கட்டை வேஷத்தையும் (மரக்கட்டை அணிகள் பூண்ட வேஷம்) கிறுக்கி சுற்றுவதையும் அவதாருக்குக் கொண்டுவர முடியுமா? போன் கேமராவில் பிடித்துப் பார்த்தால் கால்கள் வழுக்குகின்றன, கை உடம்புக்குள் போகிறது.
— வாசகர், எடப்பாடி

ஒற்றைக் கேமராவில் அசைவைக் கணிக்கும் மென்பொருளுக்கு மூட்டுகள் கண்ணில் பட வேண்டும். கூத்துப் பாவாடை இடுப்பு முதல் முழங்கால் வரை மறைக்கிறது. புஜக்கட்டை தோளை மறைக்கிறது. எனவே அசைவைப் பிடிக்கும் நாளில் வேஷம் வேண்டாம். உடம்போடு ஒட்டிய, தரையின் நிறத்துக்கு மாறான உடை போதும். ஆனால் சலங்கையைக் கழற்றாதீர்கள். சலங்கை இல்லாமல் ஆடுகிறவரின் அடி எடை மாறிவிடும்; அதன் ஒலி பின்னால் தாளத்தோடு பொருத்தவும் உதவும். விநாடிக்கு 60 படம் என்ற அளவில், கேமராவை இடுப்பு உயரத்தில், நாலு மீட்டர் தள்ளி வையுங்கள்.

கிறுக்கி வேறு விஷயம். முதுகு திரும்பும் அரை விநாடியில் முன்பக்கக் கைகள் மறைந்துவிடும், மென்பொருள் ஊகிக்கத் தொடங்கும், இடக்கை வலக்கை ஆகும். ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இரண்டு கேமரா வைத்துப் பிடிக்கலாம். அதைவிட எளிது: ஒரே ஒரு சுற்றின் கால் வைப்பைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கையால் திருத்தி, அதையே சுழல விடுவது. உடம்பு சுழல்வதை அனிமேஷனில் வைக்காமல் அவதார் நிற்கும் இடத்தைச் சுழற்றினால் பாதம் வழுக்குவது குறையும்.

கோப்பை பி.வி.எச். என்ற அசைவுப் பதிவு வடிவில் எடுங்கள். செகண்ட் லைஃப், ஓப்பன்சிம் இரண்டுமே முதல் படத்தை ஒப்பீட்டு நிலையாகக் கொள்கின்றன. முதல் படத்திலிருந்து அசையாத மூட்டைக் கணக்கில் எடுப்பதில்லை. அதனால் முதல் படத்தில் கைகளை விரித்து நிற்கும் நிலையைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அசையாமல் நீட்டிப் பிடித்த கை தொங்கிப்போகும். மற்ற அசைவுகளை மீறி இது ஓட, முன்னுரிமை எண்ணை 4 என்று வையுங்கள். நடிகர்கள் வழக்கமாக ஓட விட்டிருக்கும் நடை மாற்றிக் கருவிகளை நிகழ்ச்சிக்கு முன் அணைக்கச் சொல்லுங்கள்; இல்லையென்றால் கர்ணன் அம்பு விடும்போது திடீரென்று தலைமுடியைக் கோதிக்கொள்வார்.

கிரீடத்தையும் புஜக்கட்டையையும் பல கோணத்தில் படமெடுத்து முப்பரிமாணமாக்க முயலாதீர்கள். கல்யாண முருங்கைக் கட்டையில் ஒட்டிய கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் கோணத்துக்குக் கோணம் வேறு ஒளி காட்டும்; மென்பொருள் அந்த இடத்தில் ஓட்டை போடும். கட்டையின் வடிவத்தை எளிய உருவாகச் செய்து, கண்ணாடி வேலையை நேர் ஒளியில் எடுத்த படமாக மேலே ஒட்டுங்கள். 1024 புள்ளிச் சதுரப் படம் நினைவகத்தில் 4 எம்.பி. பிடிக்கும், 512 புள்ளி என்றால் 1 எம்.பி. முகத்துக்கு மட்டும் பெரிய படம் போதும். உரு கனத்துவிட்டால் இன்னொரு ஆபத்து: வரம்பைத் தாண்டிய அவதாரைப் பார்வையாளரின் வியூவர் (உலகத்தைத் திரையில் காட்டும் மென்பொருள்) ஒற்றை நிறப் பொம்மையாகக் காட்டும். பழைய லேப்டாப்பில் ஒருமுறை பார்த்துச் சரி செய்துகொள்ளுங்கள்.

பள்ளி நாடக மன்றத்துக்காக ஏற்காட்டில் செய்ய விரும்புகிறோம். மழைக் காலத்தில் மின்சாரமும் நெட்டும் நிலையில்லை. பிள்ளைகளை அயலார் உலவும் இடத்துக்கு அனுப்பவும் தயக்கம்.
— ஆசிரியை, ஏற்காடு

இணையமே வேண்டாம். பள்ளிக் கணினி அறையில் ஒரு கணினியில் ஓப்பன்சிமைத் தனித்தியங்கும் முறையில் நிறுவி, மற்றவற்றில் ஃபயர்ஸ்டார்ம் வியூவரின் ஓப்பன்சிம் பதிப்பைப் போடுங்கள். உள்ளூர்க் கேபிள் வலையிலேயே ஓடும், வெளியார் யாரும் நுழைய முடியாது. தடுக்கி விழும் இடம் ஒன்றே: அமைப்புக் கோப்பில் ‘பேஸ்ஹோஸ்ட்நேம்’ 127.0.0.1 என்றே இருக்கும். அது ‘இதே கணினி’ என்று பொருள்படும். அதை அந்தக் கணினியின் உள்ளூர் முகவரியாக மாற்றாவிட்டால் சர்வர் கணினியில் மட்டும் நுழையும், மற்றவை நின்றுவிடும். விண்டோஸ் ஃபயர்வாலிலும் 9000ஐ அனுமதியுங்கள். பிள்ளைகள் ஒரே அறையில் இருப்பதால் மைக் தேவையில்லை, வாயால் பேசட்டும்.

மின்சாரத்துக்கு: 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒரு மேசைக் கணினியைச் சில நிமிடமே தாங்கும். அதை சர்வருக்கும் கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சுக்கும் ஒதுக்குங்கள். வியூவர்கள் அணைந்தாலும் உலகம் நிற்காது, பிள்ளைகள் மறுபடி நுழையலாம். இன்வெர்ட்டர் இருந்தாலும் அது மாறும் கணத்தில் ரவுட்டர் அணைந்து எழக்கூடும். 12 வோல்ட் மினி யு.பி.எஸ். ஒன்றை அதற்கென்று வையுங்கள். இடி மின்னலின்போது ஃபைபர் பெட்டியின் மின் அடாப்டரைக் கழற்றுவது மலையில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அரட்டையில் தமிழில் வசனம் தட்டினால் எழுத்து உடைகிறது. நீள வசனம் பாதியில் வெட்டுப்படுகிறது. பின்வரிசையில் இருப்பவர்களுக்கு வருவதே இல்லை.
— வாசகர், ஆத்தூர்

மூன்றும் வெவ்வேறு காரணம். எழுத்துச் சேர்க்கை தெரியாத வியூவரில் ‘கொ’ போன்றவற்றின் கொம்பு இடம் மாறி விழும். முக்கிய வசனங்களைப் படமாகச் செய்து மேடைக்கு மேலே பலகையில் காட்டுங்கள். வெட்டுப்படுவதற்குக் காரணம், ஒரு செய்திக்கு 1023 பைட் வரம்பு. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், ‘கொ’வுக்கு இரண்டு குறி. ஆகவே சுமார் 340 குறியோடு நின்றுவிடும். இரண்டு வரிக்கு மேல் ஒரே மூச்சில் அனுப்பாதீர்கள். கடைசிச் சிக்கல் தூரம்: சாதாரணப் பேச்சு 20 மீட்டர் வரைதான் எட்டும், உரக்கச் சொன்னால் 100 மீட்டர். ஒரு பக்கம் மட்டும் பார்வையாளர் அமரும் புரசீனியம் அரங்கு போல நீளமாக வரிசை போடாமல் களரி போல மூன்று பக்கமும் சுற்றி உட்கார வையுங்கள். எல்லோரும் 20 மீட்டருக்குள் அடங்கிவிடுவார்கள்.

ஊர்ப் பெரியவர்கள் போனில்தான் பார்ப்பார்கள். அவர்களுக்கு வழி உண்டா?
— வாசகி, தாரமங்கலம்

உண்டு. கேமராக்காரராக ஒரு அவதாரை நிறுத்தி, அதன் திரையை ஓ.பி.எஸ். என்ற நேரலை மென்பொருள் மூலம் யூடியூப் நேரலைக்கு அனுப்புங்கள். 720 தரம், விநாடிக்கு 30 படம், 4 எம்.பி.பி.எஸ். போதும். இரண்டு மணி நேரத்துக்கு 3.6 ஜி.பி. ஆகும். நாளுக்கு 2 ஜி.பி. தரும் போன் திட்டத்தை நம்பினால் 67ஆம் நிமிடத்தில் படம் நின்றுவிடும். சேனலில் நேரலை முதன்முறை திறக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். அன்று காலையில் போய்ப் பொத்தானைத் தேடாதீர்கள். அமைப்பில் மிகக் குறைந்த தாமதத்தைத் தேர்ந்தெடுத்தால் பெரியவர்கள் எழுதும் கருத்துகள் சில விநாடியில் வரும். அவற்றைக் கோமாளி கையில் கொடுங்கள்.

வயதான கூத்துக் கலைஞர் ஒருவரின் அடவுகளைப் பதிவு செய்து அவதாரில் பயன்படுத்த நினைக்கிறோம். அவரிடம் எழுதி வாங்க வேண்டுமா?
— நாடக மாணவர், சேலம்

கட்டாயம் வாங்க வேண்டும். 1957ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு நிகழ்த்துகிறவருக்குத் தனி உரிமை தருகிறது. நிகழ்த்திய ஆண்டுக்குப் பின் 50 ஆண்டு அது இருக்கும். அவர் பெயரைச் சொல்ல வேண்டிய கடமையையும் 38பி பிரிவு பேசுகிறது. தாள் எளிய தமிழில் இருக்கட்டும், வாசித்துக் காட்டி வாங்குங்கள். எந்தெந்த அடவு, எந்த நாடகத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு, பிறருக்கு விற்கலாமா கூடாதா, வருமானம் வந்தால் அவர் பங்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதுங்கள். பதிவுக்கு வரும் நாளுக்கு ஒரு இரவுக் கூத்துக்கு அவர் வாங்கும் சம்பளமாவது கொடுப்பதுதான் நியாயம். ஓப்பன்சிமில் அனிமேஷன் கோப்பின் அனுமதியில் ‘நகல்’, ‘பிறருக்குக் கொடுத்தல்’ இரண்டையும் அணைத்து வையுங்கள். கோப்பின் பெயரிலேயே வாத்தியார் பெயரைச் சேர்த்துவிட்டால் அது எந்த அவதார் கைக்குப் போனாலும் கூடவே போகும்.